கடன் என்ற இடத்தில்

ஜெகதேவிக்கு மேற்கே
கறுப்புக் கல் வெட்டும் குழிக்கும்
எங்கள் ஓட்டுக் கோயிலுக்கும் நடுவே
ஒன்றரை கிலோமீட்டர்.
ஆறு நாள் அங்கே கணக்கு எழுதுகிறேன்.
ஏழாம் நாள் இங்கே ஜெபம் நடத்துகிறேன்.
இரண்டுக்கும் ஒரே மூக்குக்கண்ணாடி.

நோட்டில் நாற்பத்தொன்றாம் பக்கம் தபீத்தாள்.
புருஷன் மோசே வாங்கிய முன்பணம் முப்பதாயிரம்.
பிளாக் சரிந்து அவன் வலது கையில்
இரண்டு விரல் போனபோது
பர்கூர் ஆஸ்பத்திரிச் செலவு பதினெட்டாயிரம்.
அதையும் அவன் கணக்கிலேயே ஏற்றச் சொன்னார்கள்.
ஏற்றினேன்.
என் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும் என்பார்கள்.

நான்கு வருஷமாக அவன் இடத்தில்
அவள் சல்லி உடைக்கிறாள்.
கடன் இப்போது அறுபத்திரண்டாயிரம்.
உடைக்க உடைக்க எப்படி வளர்ந்தது என்று
அவளுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

முதல் பெஞ்சில் குவாரிக்காரர் சாலமோன்.
பலிபீடத்துக் கல் அவர் உபயம்.
குனிந்தால் முகம் தெரியும், அப்படி ஒரு பாலிஷ்.
அதே கல்லைக் கடல் தாண்டி வாங்கிப்போய்
யார் யாரோ கல்லறை கட்டுகிறார்களாம்.
மோசேயின் விரல்கள்
எந்த ஊர்ச் சிலுவைக்குக் கீழே கிடக்கின்றனவோ.

பெஞ்சுக்காரர்கள் உண்டு, பாய்க்காரர்கள் உண்டு எங்களில்.
ஒரே அப்பா என்று ஆரம்பிக்கும் ஜெபத்துக்கு
இரண்டு உயரத்தில் உட்காருகிறோம்.
அன்றன்றைய ஆகாரம் கேட்கும்போது
பாயில் இருக்கும் பிள்ளைகளுக்குக்
களி உருண்டை ஞாபகம் வரும்.
அடுத்தது கடன்.
நாங்கள் விடுவதும் எங்களுக்கு விடப்படுவதுமாக
அந்தச் சொல் இரண்டு தடவை வருகிறது.
குவாரிக்காரர் குரல் அங்கேதான் உருகும்.

மாங்காய் லாரிகள் ஓய்ந்த ஒரு ஞாயிறு
தபீத்தாள் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டாள்.
ஒரு குரல் குறைந்தது எனக்கு மட்டும் கேட்டது.
எண்ணிப் பழகிய காது.
அடுத்த வாரம் அவள் நாத்தனார்.
அதற்கடுத்து பாய் வரிசை முழுக்க.
ஆயர் இருமினார்.
குவாரிக்காரர் குரல் மட்டும்
அந்த வரியில் தனியாக நடந்து போனது,
இருட்டில் செருப்புச் சத்தம் போல.
பாதியில் கண்ணைத் திறந்து அவர் பார்த்தது
அவர்களை அல்ல. என்னை.

அதற்குப் பிறகும் மூன்று வாரம் சொன்னேன்.
நடத்துகிறவன் நிறுத்தக் கூடாதே என்று
எனக்கு நானே சமாதானம்.
ஆண்டவரே, நான் தைரியசாலி இல்லை
என்பது உமக்குத் தெரியும்.
பிள்ளை பாலிடெக்னிக்கில் படிக்கிறான்,
ஃபீஸ் கட்டியது அவர்.

நேற்று அந்த இடம் வந்தது.
நின்றேன்.
கூரையில் பல்லி கத்தியது.
யாரோ ஒரு குழந்தை, "அப்புறம்?" என்றது.
ஆமென் சொல்லாமலே
ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

இன்று திங்கள்.
கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ், மனு வரிசை.
டோக்கன் நூற்றுப் பதினாறு.
மஞ்சள் பையில் நோட்டு.
எனக்கு முன்னால் தபீத்தாள்,
பின்னால் மோசே, எட்டு விரலோடு.
வழியில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:
"எழுதினது யாருன்னு கேப்பாங்களே?"
"நான்தான்னு சொல்வேன்."
அவள் நம்பவில்லை. அது அவள் உரிமை.

நூற்று மூன்றைக் கூப்பிடுகிறார்கள்.
நேற்று விட்ட இடத்திலிருந்து
உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறேன்.
இன்னும் வரவில்லை.
வரிசை ஓரடி நகர்கிறது.